வயலைக் கண்டார், வயிற்றைக் காணார்

வரைபடம் என்றாலே வரி விதிப்பவன் கைக்கருவி என்னும் எண்ணம் நம் மக்களிடையே வேரோடிக் கிடக்கிறது. சங்கிலி பிடித்து நிலம் அளக்க வந்தவன் எவனாயினும், எதையோ எடுத்துச் செல்லவே வந்தான் என்று நம் பாட்டன்மார் அஞ்சினார்கள். அவர்கள் அஞ்சியதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த அச்சத்தையே அறிவென்று கொண்டு, வானத்திலிருந்து வயல் வயலாகப் படம் எடுக்கும் இக்காலத்திலும், 'அதெல்லாம் சர்க்கார் சமாச்சாரம். தீனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?' என்று ஜமாஅத்துப் பெரியவர்கள் ஒதுங்கிக்கொள்வதைத்தான் நம்மால் ஏற்க முடியவில்லை.

மறுபுறம், கணினி கற்ற நம் இளைஞர்களில் ஒரு சாரார் இருக்கிறார்கள். கைப்பேசித் திரையில் விரலால் தள்ளித் தள்ளிப் பொதிகை மலையையும் பாபநாசம் அணையையும் பார்த்துவிட்டு, இனி அறிய வேண்டியது ஏதுமில்லை என்று நிறைவு கொள்பவர்கள். செயற்கைக்கோள் காட்டாத ஒன்று உலகில் இல்லை என்பது அவர்கள் நம்பிக்கை. இவ்விரு சாராரோடும் நமக்கு வழக்குண்டு.

வழக்கு இதுதான். உணவைப் பற்றிய வரைபடம் இரண்டு பாதிகளால் ஆனது. எந்த நிலத்தில், எந்த நீரில், என்ன விளைகிறது என்பது ஒரு பாதி. விளைந்தது எவர் கலத்தில் விழுகிறது, எவர் கலத்தில் விழவில்லை என்பது மறுபாதி. முதற்பாதியை அரசாங்கம் நாளுக்கு நாள் நுணுக்கமாக வரைந்து வருகிறது. மறுபாதியோ மஹல்லா ஜமாஅத்துகளின் சந்தாப் பதிவேடுகளுக்குள் மடிந்து கிடக்கிறது. அதை விரித்துப் பார்ப்பார் இல்லை.

பாபநாசத்தில் மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கும் தாமிரபரணியை எடுத்துக்கொள்வோம். பொதிகையில் பிறந்து, ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் ஆறு இது. இந்தச் சிறு தொலைவுக்குள் குறிஞ்சியும் மருதமும் நெய்தலும் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. மலையில் தேனும் கிழங்கும், வயலில் நெல்லும் வாழையும், ஆத்தூர்ப் பக்கம் வெற்றிலையும், கடலோரத்தில் மீனும் உப்பும் என்று நிலத்துக்கு நிலம் விளைவு மாறுகிறது. தொல்காப்பியர் கருப்பொருளை வரிசைப்படுத்தியபோது தெய்வத்தை அடுத்து உணவையே வைத்தார். ஒரு நிலத்தை அறிவதென்பது அந்நிலத்து மக்கள் என்ன உண்கிறார்கள் என்பதை அறிவதாகும் என்ற தெளிவு நம் மொழிக்குப் புதிதன்று.

ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று மேலிருந்து கீழாக அவற்றின் பெயர்களைச் சொல்வதே ஓர் இன்பம். கடைசியாக உள்ள ஸ்ரீவைகுண்டம் ஆங்கிலேயர் காலத்தது; ஏனைய ஏழும் அவர்களுக்கு முற்பட்ட மன்னர் காலத்தவை. இவற்றிலிருந்து 11 கால்வாய்கள் பிரிகின்றன. அவற்றை நம்பிய பாசனப் பரப்பு 86,107 ஏக்கர். அம்பாசமுத்திரம், வீரவநல்லூர், பத்தமடை, பேட்டை, மேலப்பாளையம், செய்துங்கநல்லூர், பின்னர்க் கழிமுகத்துக்குத் தெற்கே காயல்பட்டினம் என்று நம் மஹல்லாக்களும் இந்நீரின் போக்கை ஒட்டியே அமைந்திருக்கின்றன.

ஆயினும் ஒரே ஆற்றுத் தண்ணீரை உண்பவர்கள் ஒரே நிலையில் இல்லை. இங்கே கார், பிசானம் என இரு பருவம். பாபநாசம் அணையில் நீர் இருப்புப் போதாத ஆண்டுகளில் கார் சாகுபடிக்கு வடக்குக் கோடைமேலழகியான், தெற்குக் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் ஆகிய மேல் நான்கு கால்வாய்களில் மட்டும் தண்ணீர் விடப்படுவதுண்டு. அவற்றின் பரப்பு 18,090 ஏக்கர். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே மிகுதி. தலைமடைக்காரன் நாற்றங்கால் போடும்போது கடைமடைக்காரன் வானத்தைப் பார்த்து நிற்கிறான். இந்த ஆறே திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களுக்கும், விருதுநகர் மாவட்டத்து ஊர்கள் பலவற்றுக்கும் குடிநீர் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், ஒவ்வொரு மடையும் எத்தனை வயிறுகளின் வாயில் என்பது புலப்படும்.

இனி, அரசாங்கம் வரைந்திருக்கும் பாதியைப் பார்ப்போம். அதைக் குறைத்து மதிப்பிடுவது நன்றியின்மை. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் ஏடு, ஒவ்வொரு புல எண்ணிலும் என்ன பயிர் நிற்கிறது என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. 2012ஆம் ஆண்டு முதல் கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தோடும் பிறரோடும் சேர்ந்து, ராடார் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நெற்பரப்பை அளக்கும் முறையைத் தமிழ்நாட்டில் வளர்த்தெடுத்தது. இம்முறையின் நுட்பம் வியக்கத்தக்கது. சாதாரணப் படக்கருவிக்கு மேகம் திரையாகிவிடும். பிசானப் பருவமோ மழைமேகத்தின் பருவம். ராடார் அலை மேகத்தை ஊடுருவிச் செல்லும். நடவுக்காக நீர் நிறுத்திய வயல் அதன் படத்தில் இருண்டு தோன்றும். பயிர் தூர்விட்டு வளர வளர ஒளி கூடும். அந்த ஏற்றத்தைக் கொண்டு நட்ட நாளையும் பரப்பையும் கணிக்கிறார்கள். பயிர்க் காப்பீட்டில் இழப்பை அறியவும் இது பயன்பட்டிருக்கிறது. 2024 நவம்பரில், வயல்தோறும் சென்று பயிரைக் கைப்பேசியால் இடக்குறிப்போடு படமெடுத்துப் பதியும் டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்புக்கு வேளாண் கல்லூரி மாணவ மாணவியர் அனுப்பப்பட்டார்கள். பிள்ளைகளைப் பாம்பும் முள்ளும் நிறைந்த வரப்புகளில் இறக்குவதா என்று அப்போது எழுந்த எதிர்ப்புக் குரலும் நியாயமானதே.

சரி, இத்தனை கண்களும் எதைக் கண்டன? வயலைக் கண்டன. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1986இல் வெளிவந்த, 'அம்பை பதினாறு' என்று நம் மக்கள் சொல்லும் நெல் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் விளைந்ததென்று வைத்துக்கொள்வோம். அறுவடையாகி, களத்திலேயே விலை பேசப்பட்டு, லாரியில் ஏறிய கணத்தில் அது வரைபடத்தை விட்டு வெளியேறிவிடுகிறது. எந்த ஆலையில் அவிக்கப்பட்டது? எந்தக் கடைக்குப் போயிற்று? அந்த வயலில் நடவு நட்ட பெண் தன் வீட்டில் உலையேற்றும் ரேஷன் அரிசி எந்த மாவட்டத்து நெல்? மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் தாய் மாதத்தின் கடைசி வாரத்தில் பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கிறாள்? செயற்கைக்கோள் வாய் திறக்காது. அடங்கல் ஏட்டில் அதற்கென ஒரு பத்தி இல்லை.

இங்கேதான் நம் பெரியவர்களிடம் கேட்கிறோம். ஆண்டுதோறும் ரமலானில் நோன்புக் கஞ்சிக்கென்று அரசாங்கம் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி ஒதுக்குகிறது. அதைப் பெறுவதற்கு எத்தனை பேருக்குக் கஞ்சி காய்ச்சப்படும் என்ற கணக்கை ஜமாஅத்துகள் எழுதிக் கொடுக்கின்றன. எந்தத் தெருவுக்கு எத்தனை தூக்குவாளி போகிறது என்று மோதினாருக்குத் தெரியும். எந்த வீட்டுப் பெண் வெட்கப்பட்டு வாளியை முந்தானைக்குள் மறைத்து வருகிறாள் என்பதும் தெரியும். உண்போரை ஒரு மாதம் எண்ணத் தெரிந்தவர்களுக்கு, ஏனைய பதினொரு மாதமும் எண்ணத் தெரியாமற் போவதன் மர்மம் என்ன?

வரைபடம் தீனுக்குப் புறம்பானது என்பவர்கள் நம் முன்னோர்களின் ஏடுகளைத் திறந்து பார்க்கட்டும். உமர் (ரலி) அவர்கள் இராக்கின் ஸவாது நிலத்தை அளக்க உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி) அவர்களை அனுப்பினார்கள். 3 கோடியே 60 லட்சம் ஜரீபு என அளவு வந்ததாக இமாம் அபூயூசுஃப் தம் 'கிதாபுல் கராஜ்' நூலில் பதிவு செய்திருக்கிறார்கள். கோதுமை நிலத்துக்கு ஒன்று, வாற்கோதுமை நிலத்துக்கு ஒன்று, பேரீச்சைக்கும் திராட்சைக்கும் வெவ்வேறு என்று பயிர் பார்த்துத் தீர்வை விதிக்கப்பட்டது. இது வரிக்கான அளவைதானே என்று கேட்கலாம். அத்துடன் நிற்கவில்லையே! தாம் குத்துண்டதற்குச் சில நாட்களுக்கு முன்னர், உமர் (ரலி) அவர்கள் அளந்த அதிகாரிகள் இருவரையும் அழைத்து, நிலத்தால் தாங்க இயலாத சுமையை அதன்மீது ஏற்றிவிட்டீர்களோ என்று வினவினார்கள். இல்லை என்று விடை வந்த பின்னர், தமக்கு ஆயுள் இருந்தால் இராக்கின் விதவைகள் தமக்குப் பிறகு எவரையும் எதிர்பார்த்து நிற்காத நிலையை உண்டாக்குவதாகச் சொன்னார்கள். புகாரியில் வரும் இச்செய்தியை நாம் எத்தனையோ முறை ஓதிக் கொடுத்திருக்கிறோம். நிலத்தின் அளவையும் விதவையின் வயிறும் ஒரே உரையாடலில் இடம்பெற்றிருப்பதைக் கவனித்தவர் எத்தனை பேர்?

பைத்துல் முகத்தஸில் பிறந்த அல்முகத்தஸீ, ஹிஜ்ரி 375இல், அதாவது கி.பி. 985இல், 'அஹ்ஸனுத் தகாஸீம்' எழுதினார். அவர் நாடு நாடாக நடந்து சென்று, ஒவ்வொரு பகுதியிலும் என்ன விளைகிறது, எது வெளியூருக்கு அனுப்பப்படுகிறது, தண்ணீர் எப்படிப்பட்டது, எடைக்கும் முகத்தலுக்கும் எந்த அளவைகள் வழக்கில் உள்ளன என்று எழுதி வைத்தவர். தம் வரைபடங்களில் பாதைகளுக்குச் சிவப்பு, மணல்வெளிக்கு மஞ்சள், கடலுக்குப் பச்சை, ஆறுகளுக்கு நீலம், மலைகளுக்குத் தவிட்டு நிறம் என்று வகுத்துக்கொண்டார். 1154இல் சிசிலி மன்னனுக்காக உலகப்படம் வரைந்த அல்இத்ரீஸீயைப் பலரும் பாராட்டுகிறார்கள், பாராட்டட்டும். நமக்கென்னவோ, சந்தைக்குள் புகுந்து படியின் அளவை விசாரித்த முகத்தஸீயே நெருக்கமானவராகத் தோன்றுகிறார்.

இதைவிட நேரடியான ஆதாரமும் இருக்கிறது. விளைச்சலின் ஜகாத்தாகிய உஷ்ரைப் பற்றி நம் ஃபிக்ஹு நூல்கள் கூறும் சட்டம், நீரின் வரைபடம் இல்லாமல் நிறைவேற்ற இயலாத சட்டம். மழையாலும் ஆற்றுப் பாய்ச்சலாலும் விளைந்தால் பத்தில் ஒரு பங்கு. இறைத்துப் பாய்ச்சினால் இருபதில் ஒரு பங்கு. வெட்டிய கால்வாயில் தானாக வரும் நீரும் மழையைப் போன்றதே என்று ஷாஃபிஈ நூல்கள் சொல்கின்றன. அப்படியானால் கன்னடியன் கால்வாய் வயலுக்குப் பத்தில் ஒன்று. தண்ணீர் முறை தவறி, இடையில் மின்மோட்டார் போட்டுக் கிணற்று நீரைப் பாய்ச்சினால்? பயிரின் வளர்ச்சிக் காலத்தில் எந்த நீர் எவ்வளவு உதவியதோ அவ்வளவுக்குப் பகுக்க வேண்டும்; இரண்டும் சமமானால் நூற்றுக்கு ஏழரை. உமியோடு சேமிக்கப்படும் நெல்லுக்கு நிஸாபு ஐந்து வஸக்கு அன்று, பத்து வஸக்கு என்பதும் அங்கே உண்டு. ஹனஃபீ மத்ஹபில் இமாம் அபூஹனீஃபா அவர்கள் நிஸாபே பார்ப்பதில்லை. நம் நாட்டு நிலம் உஷ்ரு நிலமா என்ற நெடிய விவாதத்துக்குள் இங்கே நாம் இறங்கவில்லை. கேள்வி வேறு. எந்த மடையிலிருந்து, எத்தனை நாள் கால்வாய் நீரும் எத்தனை நாள் கிணற்று நீரும் பாய்ந்தன என்ற குறிப்பை வைத்திருக்கும் ஜமாஅத்து தாமிரபரணிக் கரையில் எத்தனை? குறிப்பில்லாதவர் பத்தில் ஒன்றா, இருபதில் ஒன்றா என்று எப்படி ஃபத்வா கேட்பார்?

உஷ்ரு விளைந்த ஊரின் ஏழைகளுக்கு உரியது என்பதும், அதை வேற்றூருக்கு அனுப்புவதை ஷாஃபிஈ இமாம்கள் தடுத்தார்கள், ஹனஃபீ இமாம்கள் வெறுத்தார்கள் என்பதும் ஆலிம்கள் அறியாததல்ல. வயல் வீரவநல்லூரில், உரிமையாளர் சென்னையிலோ துபாயிலோ. அவர் அனுப்பும் பணம், அவர் கண்ணுக்குத் தெரிந்தவர்களுக்குப் போகிறது. வயலைச் சுற்றி வாழ்பவர்கள் அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவர்களைத் தெரிய வைப்பது ஆலிம்களின் கடமையா, இல்லையா?

வயலே இல்லாமற் போகும் கதையையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பழைய நில அளவைத் துறைப் படத்தையும், இஸ்ரோ 2009இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட 'புவன்' தளத்தின் படத்தையும் அருகருகே வைத்துத் திருநெல்வேலியைச் சுற்றிப் பாருங்கள். பச்சை எங்கெல்லாம் சாம்பல் நிறமாயிற்று என்பது தெரியும். அந்த மனைகளில் கணிசமானவற்றை வாங்கியது நம் வளைகுடாப் பணம். மனைக்குப் பக்கத்தில் பள்ளிவாசல் இருக்கிறதா என்று விசாரித்தோம். மனைக்கு அடியில் மடை இருந்ததா என்று விசாரித்தோமா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பள்ளத்தாக்கில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஓர் ஆண்டு முழுவதும் பெய்ய வேண்டியதைவிட அதிகம். தாமிரபரணி கரை கடந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலம் போட வேண்டிய நிலை வந்தது. செய்துங்கநல்லூரில் பள்ளிவாசல் கதவு திறக்கப்பட்டு, வீட்டை இழந்த இந்துக் குடும்பங்கள் அங்கே தங்கி உண்டன என்ற செய்தி நம் நெஞ்சைக் குளிர்வித்தது. நம் இளைஞர்கள் உயிரைப் பொருட்படுத்தாமல் உழைத்தார்கள் என்பதிலும் ஐயமில்லை.

ஆனால் உழைப்பு வேறு, அறிவு வேறு. இத்தகைய பேரிடர்களில் நிவாரண வண்டிகள் நெடுஞ்சாலையோரத்து ஊர்களில் குவிவதும், குளத்துக்கு அப்பால் ஒதுங்கிய ஊர்கள் காத்துக் கிடப்பதும் வழக்கமாகிவிட்டன. வெள்ளம் எங்கே நிற்கிறது என்பதை ராடார் படம் சில மணி நேரத்தில் காட்டிவிடும். எந்தத் தெருவில் பால் குடிக்கும் குழந்தைகள் எத்தனை, சர்க்கரை நோய்க்காரர் எத்தனை, அன்றன்று கூலி வாங்கி அன்றன்று அரிசி வாங்குவதால் வீட்டில் இருப்பே இல்லாத குடும்பங்கள் எத்தனை, மின்சாரம் இல்லாமலும் இயங்கக்கூடிய ரொட்டிச் சூளை எங்கே, மேட்டில் இருக்கும் அரிசிக் கிடங்கு எது என்பவற்றைக் காட்ட மஹல்லாவால் மட்டுமே முடியும். வெள்ளம் வந்த பிறகு அதை வரைய முடியாது.

பட்டியல் என்றதும் நம் குடும்பங்களுக்குள் எழும் அச்சத்தை நாம் அறிவோம். 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்த பிறகு, கணக்கெடுக்க யார் வந்தாலும் கதவைச் சாத்திக்கொண்ட தெருக்கள் உண்டு. அந்தத் தாய்மார்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது. பசித்தவன் பெயரைப் படத்தில் எழுதுவது அவனை இருமுறை அவமதிப்பதாகும். ஆகவே பெயர் வேண்டாம். வீட்டு எண்ணும் வேண்டாம். தெருவுக்கு ஓர் எண் போதும். இந்தத் தெருவில் இருபது அடுப்பு, அவற்றுள் ஐந்து மாதக் கடைசியில் அணைகின்றன என்ற அளவில் இருந்தால் போதும். அது எந்த இணையத்திலும் ஏற வேண்டியதில்லை. பள்ளிவாசல் அலமாரியில், முத்தவல்லியின் சாவிக்குள் இருக்கட்டும். மடை, கால்வாய், ஆலை, கிடங்கு, ரேஷன் கடை ஆகியவற்றைக் காட்டும் தாளை மட்டும் ஊருக்கெல்லாம் தரலாம். அந்தத் தாளில் நம் தெரு மட்டும் இருப்பதும் முறையன்று. நம் வயலில் குனிந்து நாற்று நடும் கைகள் பெரும்பாலும் மஹல்லாவுக்கு வெளியே வாழ்பவை. ஜகாத்தின் சட்டம் தனி. சதகாவுக்கு அந்த வரம்பு கிடையாது.

இன்னொரு தடை சொல்வார்கள்: ஓதும் பிள்ளைக்குக் கணினி எதற்கு? கிப்லாவின் திசையறிய வானியலும் கணிதமும் கற்ற பரம்பரை நாம். இன்று அதே கிப்லாவைக் கைப்பேசி முள் காட்டுகிறது. அதை நம்பித் தொழுகிறோம். மக்காவுக்கு வழிகாட்டும் கருவி, நாலாவது தெருவில் அடுப்பெரியாத வீட்டுக்கு வழிகாட்டினால் மட்டும் மார்க்கத்துக்கு மாறாகிவிடுமா? பசித்த அண்டை வீட்டாரைப் பற்றிய நபிமொழியை ஒப்பிக்காத பிள்ளை நம் மத்ரஸாக்களில் இல்லை. அண்டை வீடு எது என்று காட்டிக் கொடுக்காமல் ஒப்பிக்க மட்டும் வைத்தால் என்ன கல்வி அது?

பிசானத்து நெல் மாசி, பங்குனியில் அறுவடைக்கு வரும். அதற்குள் ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் எல்லைக்குள் பாயும் கால்வாயின் மடைகளைப் பதிந்துவிட முடியும். மேல் வகுப்பு ஓதும் மாணவர் நால்வர், இடம் குறிக்கும் கைப்பேசி இரண்டு, காசில்லாமல் கிடைக்கும் கியூ.ஜி.ஐ.எஸ். என்னும் மென்பொருள், அதைக் கற்பிக்க ஊரிலேயே இருக்கும் ஒரு பொறியியல் பட்டதாரி, இவ்வளவே தேவை. அடுப்புகளின் கணக்கை ஆண்கள் எடுக்க வேண்டாம். எடுத்தால் பொய்தான் கிடைக்கும். பெண்கள் மத்ரஸாவின் ஆசிரியைகள் தெருத்தெருவாகப் பேசிப் பார்த்தால் ஒரு வாரத்தில் உண்மை வரும். செலவை யார் ஏற்பது என்று கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் எழுந்து கேட்பார். ஒரு நிக்காஹ் மண்டபத்தின் ஒரு மாலை நேர மின்விளக்கு அலங்காரத்துக்கு நாம் கொடுக்கும் தொகை இதற்குத் தாராளம் என்று அவரிடம் சொல்லுங்கள். பாபநாசத்துக்குக் கீழே முதலாவது கோடைமேலழகியான். அம்பாசமுத்திரத்துச் சகோதரர்கள் அங்கிருந்து முதல் தாளைத் தொடங்கட்டும், கடைசித் தாளைக் காயல்பட்டினத்தார் வரையட்டும்.